கறி உருண்டை வெந்ததும் ஏன் கல்லாகிறது?

கொத்துக்கறியில் உருண்டை பிடித்து வேகவைத்தால் ஒரு நாள் பஞ்சுபோல வருகிறது, இன்னொரு நாள் ரப்பர் பந்தாகிறது. கறியைக் குறை சொல்வதற்கு முன், உப்பு எப்போது விழுந்தது, கை எவ்வளவு நேரம் பிசைந்தது என்று பார்க்க வேண்டும்.

தசையில் மயோசின் என்றொரு புரதம் உண்டு. உப்பு பட்டதும் அது நாரிலிருந்து கரைந்து வந்து பசையாகிறது. பிசையப் பிசையப் பசை கூடும். உருண்டை உடையாமல் நிற்க அது கொஞ்சம் வேண்டும். அதிகமானால் சூட்டில் வலைபோலப் பின்னி இறுகி, உள்ளே இருக்கும் சாற்றைப் பிழிந்து தள்ளிவிடும். பிசைந்த கறியில் கொஞ்சம் எடுத்து இரண்டாகப் பிய்த்துப் பாருங்கள். பிளவில் மெல்லிய வெளிறிய இழைகள் நீண்டால் எல்லை தாண்டியாயிற்று. சாசேஜுக்குத்தான் அந்த இழை வேண்டும்.

இதற்கு மருந்து பால் பிரெட் கூழ். 500 கிராம் கறிக்கு, ஓரம் நீக்கிய 40 கிராம் பிரெட்டை 60 மில்லி பாலில் 5 நிமிடம் ஊறவைத்து மசியுங்கள். அதன் மாவுச்சத்து புரத இழைகளுக்கு இடையில் புகுந்து, அவை நெருங்கி இறுகுவதைத் தடுக்கிறது. வடியும் சாற்றையும் பிடித்துக்கொள்கிறது. காய்ந்த ரொட்டித்தூளை அப்படியே கொட்டினால் அது கறியின் ஈரத்தையே குடிக்கும். ஒரு டீஸ்பூன் உப்பு, துருவிய வெங்காயம் (சிறிய அளவு) ஒன்று, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் முதலில் இந்தக் கூழில் கலந்துவிடுங்கள். கறியைக் கடைசியில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு சேர்த்து, விரல்களை விரித்து ஒரு நிமிடம் மட்டும் புரட்டினால் போதும். கொழுப்பு இளகினால் கையோடு ஒட்டி வந்துவிடும், குளிர்ச்சி அதற்காகத்தான். வெங்காயத்தைப் பெரிதாக நறுக்கிப் போட்டால் அந்த இடத்தில்தான் உருண்டை விரியும்.

35 கிராம் அளவில் பிடித்தால் சுமார் 4 சென்டிமீட்டர் அகலம் வரும். கடாயில் எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு இடைவெளி விட்டு வையுங்கள். நெருக்கினால் வெளிவரும் நீராவி வெளியேற வழியின்றி உருண்டை அவியும். மேற்பரப்பின் ஈரம் வற்றி 140 டிகிரி செல்சியஸை நெருங்கினால்தான் பழுப்பு நிறமும் வறுத்த மணமும் வரும். அடி சிவந்ததும் தானாகவே விட்டுக்கொடுக்கும், அதுவரை கரண்டி போட்டு நெம்பாதீர்கள். எல்லாப் பக்கமும் சிவந்தபின் மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி, 5 நிமிடம்.

உள்ளே 71 டிகிரி வரவேண்டும், கோழிக்கறியானால் 74. முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அது நடுவரை போய்விடுகிறது. நிறத்தை நம்ப வேண்டாம். வேகாத கறியும் பழுப்பாகும், வெந்த கறியும் இளஞ்சிவப்பாக இருக்கும். தெர்மாமீட்டர்தான் சாட்சி.

உருண்டை பிடிப்பதற்கு முன்பே உடைத்த கோதுமையை அடுப்பேற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாக முடியும். ஒரு கப் உடைத்த கோதுமையை அலசி வடித்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் வாசம் வர வறுத்து, இரண்டு கப் கொதிநீர் ஊற்றி மூடி, சிறுதீயில் 15 நிமிடம். அலசுவது ஒட்டியிருக்கும் மாவைப் போக்க. விட்டால் அது கஞ்சியாகிப் பருக்கைகளைப் பிணைக்கும். அடுப்பை அணைத்தபின் 10 நிமிடம் திறக்கக் கூடாது. வெளிப்புறத்தில் தங்கிய நீர் பருக்கையின் நடுவுக்குப் போவது அந்த நேரத்தில்தான்.

கூடவே ஒரு வெள்ளரி சாலட் வைக்கலாம். வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர். நறுக்கிக் கால் டீஸ்பூன் உப்பிட்டு வடிகட்டியில் 10 நிமிடம் வைத்தால், சவ்வூடுபரவலால் கொஞ்சம் நீர் அங்கேயே இறங்கிவிடும். தட்டில் போய்க் குளம் கட்டாது. தக்காளி, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு மூன்றும் பரிமாறும்போது மட்டும். புளிப்பில் ஊறினால் பச்சையத்தின் மெக்னீசியம் கழன்று, இலை மங்கிப்போகும்.

கடாயில் ஒட்டியிருக்கும் பழுப்பு அடியில்தான் மணம் எல்லாம் குவிந்திருக்கிறது. உருண்டைகளை எடுத்தபின் அரைக் குவளை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, பாதியாகச் சுண்டவிட்டுக் கோதுமையின் மேல் ஊற்றுங்கள். பருக்கை சூடாக இருக்கும்போதே அதைக் குடித்துவிடும்.