ஊக்கமருந்தும் ஸ்டீராய்டும்: சொல் விளக்கம்

விளையாட்டுச் செய்திகளில் 'ஊக்கமருந்து' என்ற சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது. தடை செய்யப்பட்ட மருந்துகள் அத்தனைக்கும் அது பொதுப்பெயர். தசையை வளர்க்கும் ஸ்டீராய்டைக் குறிக்கவும் அதையே எழுதுகிறார்கள். பொதுப்பெயராக அது நிலைத்துவிட்டது, அப்படியே இருக்கட்டும். ஸ்டீராய்டுக்கு மட்டும் அதைப் பெயராக வைத்தால் மருந்தின் வேலையே தவறாகப் புரியும்.

'ஊக்கு' என்ற வினையிலிருந்து வந்தது ஊக்கம். மனவெழுச்சி, தளராத முயற்சி என்று பொருள். திருக்குறளில் 'ஊக்கமுடைமை' என்றே ஓர் அதிகாரம் உண்டு. இந்த எழுச்சியை மருந்தால் வரவழைப்பது என்ற பொருள் ஆம்ஃபெட்டமின் வகைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். விழுங்கிய சிறிது நேரத்தில் களைப்பு மறையும், இதயம் வேகமெடுக்கும், உடல் தரும் எச்சரிக்கை மூளைக்கு எட்டாது. 1967 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மோன் வான்டூ மலையேற்றத்தில் சுருண்டு விழுந்து இறந்த பிரிட்டன் வீரர் டாம் சிம்ப்சனின் உடலில் ஆம்ஃபெட்டமின் இருந்தது. கொளுத்தும் வெயிலிலும் நிற்கத் தோன்றாமல் செய்யும் மருந்து அது.

ஊக்கமருந்து எடுப்பதை ஆங்கிலத்தில் 'டோப்பிங்' என்பார்கள். அதன் வேர் டச்சு மொழியில் இருக்கிறது. அங்கே 'டோப்' என்றால் தோய்த்து உண்ணும் குழம்பு. அமெரிக்க ஆங்கிலத்துக்குப் போய், குழம்புபோல் கெட்டியான அபினிப் பாகுக்குப் பெயராகி, பிறகு பந்தயக் குதிரைக்குப் புகட்டும் கலவைக்கும் ஆகி, விளையாட்டுக்குள் நுழைந்தது. 'ஊக்கமருந்துப் பயன்பாடு' என்பதே இதற்குப் போதுமான தமிழ். 'போதைமருந்து' என்று எழுதுவது பிழை. தடைப்பட்டியலில் இருப்பவற்றில் பெரும்பாலானவை போதை தருவதில்லை.

ஸ்டீராய்டு வேறு கதை. 'ஸ்டெரியோஸ்' என்றால் கிரேக்கத்தில் திண்மம். பித்தக்கற்களில் கண்டெடுத்த திண்மப் பொருளுக்குக் கொலஸ்டெரால் என்று பெயர் வந்தது. அதன் வால்பகுதி 'ஸ்டெரால்'. ஸ்டெராலைப் போன்றது 'ஸ்டீராய்டு'. ஆக, இது ஒரு மூலக்கூறு வடிவத்தின் பெயர்: ஆறு கார்பன் வளையம் மூன்று, ஐந்து கார்பன் வளையம் ஒன்று, நான்கும் ஒட்டியபடி. இந்த வடிவத்தில் உள்ள எல்லாமே ஸ்டீராய்டுதான். விளையாட்டில் சிக்கல் தருவது அதில் ஒரு கிளையான 'அனபாலிக்' ஸ்டீராய்டு. இதற்குத் தமிழை வெளியே தேட வேண்டாம். பள்ளி அறிவியலில் படித்த 'வளர்சிதை மாற்றம்' என்ற சொல்லின் முன்பாதியே அது. உடல் தனக்கானதைக் கட்டுவது வளர்மாற்றம், உடைப்பது சிதைமாற்றம். எனவே 'வளர்மாற்ற ஸ்டீராய்டு'. பொது வாசகருக்குத் 'தசைவளர்ப்பு ஸ்டீராய்டு' என்றாலும் சரியே.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் அதன் செயற்கை உருக்களும் தசைச் செல்லுக்குள் போய் ஏற்பியோடு இணைந்து, புரதம் கட்டும் வேலையைக் கூட்டுகின்றன. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். பயிற்சியின் பலன் கூடும், அடுத்த கடும் பயிற்சிக்கு உடல் சீக்கிரம் தேறும். ஆகவே பயன்படுத்துவது பயிற்சிக் காலத்தில். போட்டிக்கு முன்பே நிறுத்திவிடப் பார்ப்பார்கள். போட்டி நாளில் மட்டும் சோதித்தால் போதாது என்பதும், முன்னறிவிப்பில்லாமல் வீட்டு வாசலுக்கே வந்து சிறுநீர் கேட்கிறார்கள் என்பதும் இதனால்தான்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடா ஓட்டக்காரர் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடினார். சிறுநீரில் ஸ்டானசோலால் என்ற வளர்மாற்ற ஸ்டீராய்டு அகப்பட்டது, மூன்றாம் நாள் தங்கம் பறிபோனது. யாரோ பானத்தில் கலந்துவிட்டார்கள் என்றது அவர் தரப்பு. ஆனால் அவருடைய ஹார்மோன் அளவுகள் நீண்டகாலப் பயன்பாட்டையே காட்டின. வெளியிலிருந்து ஸ்டீராய்டு தொடர்ந்து வந்தால் பிட்யூட்டரி சுரப்பி விந்தகத்துக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும், சொந்தச் சுரப்பு வற்றும். ஒரு நாள் பானத்தால் அப்படி வற்றாது. 1981 முதலே எடுத்துவந்ததாக மறு ஆண்டு கனடா அரசின் விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார்.

இந்த வற்றுதல்தான் பயன்படுத்துபவரின் பெரிய இழப்பும்கூட. விந்தகம் சுருங்கும், விந்தணு குறையும். மிகுதியான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜனாக மாறி, ஆணுக்கு மார்பு வளரும். மாத்திரை வகைகள் பல, கல்லீரல் எளிதில் சிதைக்காதபடி மாற்றப்பட்டவை. அதனாலேயே கல்லீரலைக் கெடுப்பவை. பெண்ணுக்குத் தடித்த குரல், மருந்தை நிறுத்தினாலும் திரும்பாது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்தட்டு முன்கூட்டியே மூடி, உயரம் நின்றுவிடும். உடற்பயிற்சிக் கூடத்தில் பதின்வயதினருக்கு இதை நீட்டுபவர்களை மன்னிக்க முடியாது.

உடலே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டால் எப்படிப் பிடிப்பது? அதன் அளவை, உடலில் இயல்பாக இருக்கும் இன்னொரு ஸ்டீராய்டான எபிடெஸ்டோஸ்டிரோனோடு ஒப்பிடுவார்கள். பெரும்பாலோருக்கு விகிதம் 1:1ஐ ஒட்டி இருக்கும்; 4:1ஐத் தாண்டினால் சந்தேகம். அடுத்து கார்பன் ஐசோடோப்பு ஆய்வு. தொழிற்சாலை டெஸ்டோஸ்டிரோன் சோயா போன்ற தாவர மூலப்பொருளிலிருந்து வருவதால் அதில் கார்பனின் சற்றுக் கனமான வகையான கார்பன்-13 சற்றுக் குறைவாக இருக்கும்.

கடைசியாக, வீரர்களும் மருத்துவர்களும் அடிக்கடி குழம்பும் இடம். ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் தரும் பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் ஆகியவையும் ஸ்டீராய்டுதான். ஆனால் அவை கார்டிகோ ஸ்டீராய்டுகள். நீண்ட நாள் எடுத்தால் தசையைக் கரைப்பவை, அதாவது சிதைமாற்றப் பக்கம். வளர்மாற்ற ஸ்டீராய்டுக்கு எந்நேரமும் தடை. இவற்றுக்கோ போட்டிக் காலத்தில் மட்டும், அதுவும் மாத்திரையாகவோ ஊசியாகவோ மலக்குடல் வழியாகவோ எடுத்தால். மருத்துவர் சொன்ன அளவில் உறிஞ்சு மருந்தாகவும் தோல் களிம்பாகவும் பயன்படுத்தத் தடையில்லை. மாத்திரை கட்டாயம் என்றால், மருத்துவச் சான்றுகளோடு தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் சிகிச்சை விலக்குக்குப் போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.