தலையைச் சுற்றி ஒரு துண்டு

என் அத்தை தையல் வேலை செய்பவர். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இரவு பதினொரு மணிக்கு மெஷினை விட்டு எழுந்ததும், துண்டை நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டிப் பிடரியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு படுப்பார். "கயிறு போட்டு இழுக்கிற மாதிரி இருக்கிறது" என்பார். இறுகிக் கிடக்கும் தலையை மேலும் இறுக்கினால் வலி எப்படிக் குறையும் என்பது சிறுவயதில் எனக்கு விளங்கவே இல்லை.

இதன் பெயர் இறுக்கத் தலைவலி. தலைவலிகளிலேயே மிகப் பரவலானது இதுதான். இரு பக்கமும் அழுத்தும், ஒற்றைத் தலைவலிபோல் விண்விண்ணென்று தெறிக்காது, மாடிப்படி ஏறினாலும் அதிகமாகாது, வாந்தி இராது. அரை மணி நேரத்திலும் அடங்கலாம், 7 நாளும் நீடிக்கலாம். திடீரென்று இடி இறங்கியதுபோல் வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்டபின் வருவது, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்குவது ஆகியவை வேறு கதை. அவற்றுக்குத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூளைக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. வலிப்பது அதைச் சுற்றியுள்ளவை. விரல்களை நெற்றிப்பொட்டில் வைத்துக் கடைவாய்ப் பற்களை இறுகக் கடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் புடைத்தெழுவது மெல்லுவதற்கான தசை. நெற்றித் தசையும் பின்மண்டைத் தசையும் உச்சந்தலையில் ஒரு நார்த்தகட்டால் இணைந்து குல்லாய்போல் கவிந்திருக்கின்றன. பிடரியின் வேலைதான் கடினம். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது அது இடுப்பில் வைத்த குடம். குனிந்தால், கையை நீட்டிப் பிடித்த குடம். ஊசியையே பார்த்துக்கொண்டு அத்தை மணிக்கணக்கில் அப்படித்தான் பிடித்திருந்தார்.

பிடரியில் தொடங்கும் நோவு நெற்றியில் தெரிவதற்கும் காரணம் உண்டு. மேல்கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்வைச் சுமக்கும் நரம்பும் தண்டுவடத்தின் மேல்பகுதியில் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்பதில் மூளை தடுமாறிவிடுகிறது.

ஒரு காலத்தில் இதைத் தசைச் சுருக்கத் தலைவலி என்றே அழைத்தார்கள். ஆனால் தசைகளின் மின் செயல்பாட்டை அளந்து பார்த்தபோது, வலியை விளக்கும் அளவுக்குச் சுருக்கம் தென்படவில்லை. தொட்டால் நோவதுதான் மிகுதியாக இருந்தது. வலி அடிக்கடி வந்தால் நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்துவிடுகிறது. சாதாரண அழுத்தமும் வலியாகப் பதிவாகிறது. தூக்கக்குறைவும் கவலையும் இதற்குத் துணை போகின்றன. மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல், 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அது நாட்பட்ட தலைவலி.

துண்டுக்கு வருவோம். 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் வலிக்கு ஒரு வாசல் உண்டு என்றார்கள். தொடுகை, அழுத்தம் ஆகியவற்றைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்யும்போது தண்டுவடத்தில் வலியின் வழி ஓரளவு அடைபடுகிறது. அடிபட்ட முழங்காலை நாம் தேய்த்துவிடுவதும் இதனால்தான். அத்தையின் துண்டும் அந்த வாசலைத்தான் சாத்தியிருக்க வேண்டும். நெற்றியில் தடவும் தைலத்திலுள்ள மென்தால் என்ற பொருளோ குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது.

மாத்திரையைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. எப்போதாவது ஒரு பாராசிட்டமால் நல்ல மருந்து. ஆனால் மாதத்தில் 15 நாள், அதுவும் பல மருந்து கலந்த மாத்திரையென்றால் 10 நாள், என்று மூன்று மாதத்துக்குமேல் விழுங்கினால் மாத்திரையே தலைவலியைத் தரும். அத்தை கடையில் கேட்டு வாங்கிப் பெரும்பாலான நாட்களில் போட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் முதலில் செய்தது, வலித்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் காலண்டரில் வட்டமிடச் சொன்னதுதான். முதல் மாதம் 22 வட்டம். மாத்திரையை நிறுத்திய முதல் வாரம் வலி கூடியது, அத்தை அழுதேவிட்டார். இரவில் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தார்கள். "இது மனச்சோர்வுக்கான மாத்திரையாமே" என்று அத்தை தயங்கினார். அந்தச் சிறு அளவில் அது வலிப் பாதையைத் தணிக்கத் தரப்படுகிறது என்று மருத்துவரே பொறுமையாக விளக்கினார்.

மெஷின் மேசையின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினோம். ஒவ்வொரு ரவிக்கையும் முடிந்ததும் எழுந்து, தோளைச் சுழற்றி, வாசல்வரை நடந்துவிட்டு வருகிறார். போன ஐப்பசி மாதக் காலண்டரில் நான்கு வட்டங்கள் இருந்தன.