கறுப்பு ஈறு நோயில்லை, ரத்தம் கசியும் ஈறுதான் நோய்

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கிளினிக்கில் இதே பேச்சுதான். "டாக்டர், பொண்ணுக்கு ஈறு கறுப்பா இருக்கு. கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான். லேசர் வெச்சு ரோஸ் கலராக்கிடுங்க."

போன வாரமும் ஓர் அம்மா மகளை அழைத்து வந்தார். மகளின் ஈறு கறுப்புதான். ஆனால் பல்லைக் கெட்டியாகக் கவ்வி, ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிக் குழிகளோடு இருந்தது. ஆழம் பார்க்கும் கம்பியால் தொட்டும் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. அம்மாவின் ஈறுதான் சிவந்து உப்பியிருந்தது. கீழ் முன்பற்கள் ஆடின. பல் தேய்த்தால் ரத்தம் வருவது வருஷக்கணக்காக இருக்கிறதாம். கேட்டால், "அது உடம்புச் சூடு டாக்டர்" என்கிறார். நோய் மகளுக்கு இல்லை, அம்மாவுக்குத்தான்.

இதை எத்தனை முறை சொல்வது! ஈறின் கறுப்பு அழுக்கு அல்ல, நோய் அல்ல, சரியாகப் பல் தேய்க்காததன் அடையாளமும் அல்ல. தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்தான் ஈறிலும் இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலானோருக்கு ஈறு கொஞ்சமாவது கறுத்துத்தான் இருக்கும். எந்தப் பேஸ்ட்டும் எந்தப் பொடியும் அதை மாற்றாது. லேசரோ பிளேடோ வைத்து மேல்தோலைச் சீவி எடுக்கலாம், எடுத்தால் ரோஸாகத் தெரியும். ஆனால் சில மாதங்களிலோ சில வருடங்களிலோ கறுப்பு திரும்பலாம். புகைப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். பல்லுக்கு இதனால் ஒரு நன்மையும் இல்லை. சிரிக்கக் கூச்சமாக இருக்கிறது, இதெல்லாம் தெரிந்தும் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். புதிதாக ஓரிடத்தில் மட்டும் கறுப்புத் திட்டு தோன்றினால் கதை வேறு. அதை உடனே காட்ட வேண்டும்.

பல்லுக்கும் சேர்த்து நன்மை தரும் ஈறு அறுவைகள் வேறு இருக்கின்றன, அவற்றைத்தான் யாரும் கேட்பதில்லை. பிரஷைக் குறுக்கே போட்டு அழுத்தித் தேய்த்தும், கரகரப்பான பற்பொடி போட்டும் ஈறு இறங்கி, வேர் வெளியே தெரியும். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். அண்ணத்திலிருந்து மெல்லிய திசு எடுத்து அங்கே ஒட்டுப் போட்டால் வேர் மூடும், கூச்சம் குறையும், வேரில் சொத்தை விழும் வாய்ப்பும் குறையும். பல்லிடுக்கில் எலும்பு கரைந்த பிறகு வந்தால் முழுசாக மூடித் தர முடியாது.

அப்புறம், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், பிரஷருக்கான அம்லோடிபின் போன்ற மாத்திரைகளால் சிலருக்கு ஈறு வளர்ந்து பல்லையே மூடும். அதைச் செதுக்கிவிட்டால் பிரஷ் உள்ளே போக வழி கிடைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்; எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

சிரித்தால் ஈறு அதிகம் தெரிகிறது என்று வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காரணம் ஈறாகவும் இருக்கலாம், உதடாகவும் இருக்கலாம், மேல்தாடையின் நீளமாகவும் இருக்கலாம். ஈறு காரணமாக இருந்தால்தான் ஈறை வெட்டிப் பயன். அப்போதும் ஈறின் விளிம்புக்கும் அடியிலிருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடம் வேண்டும். அதை அளக்காமல் வெட்டினால் ஈறு திரும்ப வளரும், அல்லது சிவந்தே கிடக்கும். அப்படி வேறெங்கோ வெட்டிக்கொண்டு, பிறகு என்னிடம் வருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். லேசரா பிளேடா என்று விசாரிப்பதைவிட, எலும்பை அளந்தீர்களா என்று கேளுங்கள்.

எதுவானாலும் முதலில் கிளீனிங். கிளீனிங் செய்வதால் பல் ஆட ஆரம்பிக்காது. பல்லில் கெட்டியாகப் படிந்த காரை பிடித்துவைத்திருந்த ஆட்டம் அப்போதுதான் வெளியே தெரியும், அவ்வளவுதான். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். புகையிலையை விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கல்யாணம் என்றால் மூன்று மாதம் முன்பே வாருங்கள், பத்து நாளில் ஈறு ஆறி நிலைக்காது.

ஒட்டுப் போட்ட பிறகு, நாங்கள் சொல்லும் வரை அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது, சாப்பாடு மிருதுவாக இருக்கட்டும். தயவுசெய்து கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கித் தூக்கித் தையலைப் பார்க்காதீர்கள், போட்டோ எடுத்து அனுப்பவும் வேண்டாம். அந்த இழுப்பிலேயே ஒட்டு நகர்ந்துவிடும். பார்க்க வேண்டுமென்றால் நேரில் வாருங்கள், நானே பார்த்துச் சொல்கிறேன்.