கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து ஒரு வருடம் ஆகியும் அசதியா? தைராய்டைப் பாருங்கள்

"கரண்ட் வச்ச சூடு டாக்டர், இன்னும் இறங்கல." இந்த வாரமும் கேட்டாயிற்று. வாய்ப் புற்றுநோய்க்குக் கழுத்துவரை கதிர்வீச்சு எடுத்து ஒரு வருடம் தாண்டிய அக்கா. சிகிச்சை முடிந்து தேறி, கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு மறுபடி ஜீப் ஏறியவர், இப்போது வாசல் தெளிக்கவே தெம்பில்லை என்கிறார். முகம் ஊதி, குரல் கரகரத்து, சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர். வீட்டிலோ இளநீரும் வெந்தயமும் கொடுத்துச் சூட்டை இறக்குகிறார்கள். குளிருது என்கிறவருக்கு!

வெளியே மெஷினிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது. மெஷின் நின்றால் கதிரும் நின்றது. சூடாகவும் தங்காது, விஷமாகவும் தங்காது. பேரனைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். (தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடின் மருந்து குடிப்பவர்களுக்கு விதி வேறு.) கதிர் பட்ட உறுப்பில் ஏற்பட்ட பாதிப்புதான் மிஞ்சும். அதை இளநீர் சரிசெய்யாது.

சிகிச்சையின்போது வரும் அசதி வேறு. இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, கடைசியில் கூடி, முடிந்தபின் சில வாரங்களிலோ மாதங்களிலோ மெல்லக் குறையும். அதற்காக நாள் முழுக்கப் படுக்கவைக்காதீர்கள். முடிந்த அளவு நடந்தால்தான் அசதி குறையும். ரத்தசோகை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குறைந்த அசதி திரும்ப வந்தால்? கழுத்தில் கதிர் பட்டவர்களுக்கு மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் தைராய்டு சுரப்பு குறையலாம். 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.ஹெச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) பாருங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான், ஸ்கேன் எல்லாம் வேண்டாம். அந்த அக்காவுக்கு அது எகிறியிருந்தது. இடுப்புப் பகுதியில் கதிர் எடுத்த பெண்களுக்கு மாதவிலக்கு முன்கூட்டியே நிற்கலாம். வெட்கப்படாமல் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு.

தைராய்டு மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரில். டீ அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து. ஜீப் சீக்கிரம் வருமென்றால் எழுந்ததும் முதல் வேலையாக மாத்திரை. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். தெம்பு வந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், கோட்டயத்திலோ மதுரையிலோ கொடுத்த ஃபைலைப் பரணில் போடாமல் கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் எவ்வளவு கதிர் கொடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்.