தடைக்காலத்துக் கலப்பத்து: சந்து அகலமாகத் தெரிகிறதே என்று பஞ்சைத் திணிக்காதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையேறுவதும், எங்களைப் போன்ற ஓடாவிகளுக்கு, அதாவது படகுத் தச்சர்களுக்கு, வேலை குவிவதும் அப்போதுதான். பலகைச் சந்துகளில் பஞ்சடைத்து நீர் புகாமல் செய்வதைக் கலப்பத்து என்போம். அகராதியில் கலப்பற்று என்று இருக்கும். அரபியிலும் போர்த்துக்கீசிலும் இதே சொல் கொஞ்சம் உருமாறிக் கிடக்கிறது. கப்பலோடு கரை கரையாகச் சுற்றிய சொல்.

வில்லங்கம் இந்த மாதங்களில்தான். சித்திரை வெயிலில் பத்து நாள் நின்றாலே பலகை சுருங்கி, நூல் நுழையாத சந்தில் நகம் நுழையும். படகுக்காரருக்குப் பதற்றம் வந்துவிடும்: "இன்னும் ரெண்டு திரி வச்சு இறுக்கி அடிங்கண்ணே." ஒருமுறை நானும் அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டேன். ஜூனில் படகு இறங்கியது, மரம் ஊறிப் பருத்தது, இறுகிய பஞ்சு இடம் கொடுக்கவில்லை. ஒரே வாரத்தில் ஏராவை (படகின் அடிமரத்தை) ஒட்டிய பலகையில் ஆணிகள் வெளியே இழுத்துக்கொண்டு நின்றன. ஒழுகலை அடைக்கப் போய்ப் புது ஒழுகலை உண்டாக்கியவன் நான்.

எவ்வளவு பஞ்சு போதும் என்ற அளவைச் சொல்வது கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலின் சத்தம். உளியை வைத்துத் தட்டும்போது 'தொப் தொப்' என்றால் பஞ்சு இன்னும் உட்காரவில்லை. கணீரென்று மாறியதும் கையை நிறுத்த வேண்டும். அதற்கு முன், பழைய பஞ்சை முழுக்கத் தோண்டி எடுத்துவிடுங்கள். கறுத்து, சேற்று நாற்றத்தோடு வரும். அதன்மேல் புதுப்பஞ்சு வைப்பது சீழின்மேல் கட்டுப் போடுகிற கதை.

பஞ்சுக்கு மேல் குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிப் பூசுவோம். அடுப்பில் சிறுதீதான். பொங்கித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. சட்டியை மூடியால் மூடுங்கள், பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும். அடிப்பாகத்தில் சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துப் பூசுவது மரந்துளைக்கும் கப்பல் புழுவுக்காக. அந்தப் பூச்சு நிலையானதல்ல, அவ்வப்போது சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும்.

இப்போது பலர் உள்பக்கமாகச் சிமெண்டோ எபாக்சிப் பசையோ அப்பிவிடுகிறார்கள். சந்து வெளியே அகலமாகவும் உள்ளே ஒடுக்கமாகவும் இருப்பது சும்மா இல்லை. வெளியிலிருந்து அடைத்தால் கடலின் அழுத்தமே பஞ்சை இன்னும் உள்ளே அமுக்கிப் பிடிக்கும். உள்ளே அப்பியதை அதே அழுத்தம் பெயர்த்துத் தள்ளும். அது பெயராவிட்டால் இன்னும் மோசம்: சந்துக்குள் தேங்கிய நீரில் ஆணி துருப்பிடிக்கும், பலகை உளுக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

சரி, சந்து விரிந்த படகை என்ன செய்வது? இறக்குவதற்குச் சில நாள் முன்பே நனைந்த சாக்குகளைப் போர்த்தி மரத்தை ஊறவிடுங்கள். இறக்கியபின் முதல் ஓரிரு நாள் கொஞ்சம் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும். அந்த இரவுகளில் பம்போடு ஒரு ஆள் படகிலேயே படுக்கட்டும். மூன்றாம் நாளும் நீர்வரத்து குறையவில்லை என்றால் கூப்பிடுங்கள்.