கண்ணாடிச் சுவர் கேட்பவர்களுக்கு

வீடு கட்ட வருகிறவர்கள் இப்போதெல்லாம் பிளான் பேசுவதற்கு முன்பே மொபைலை நீட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்: வெள்ளைப் பெட்டி, சன்ஷேட் கிடையாது, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. "இதே எலிவேஷன் (முகப்பு) வேணும் சார்." மனை மேற்குப் பார்த்ததாக இருக்கும்.

மாடர்ன் வீடு என்றால் கண்ணாடிதான் என்று யார் சொன்னது? பாண்டிச்சேரி போனால் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வெளியிலிருந்தாவது பாருங்கள். கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1930களின் கடைசியில் தொடங்கி, 1940களில் முடிந்தது. பூசாத கான்கிரீட், ஒரு அலங்காரம் இல்லை. அதைவிட மாடர்னாக என்ன வேண்டும்? ஆனால் வடக்கு, தெற்கு முகங்கள் முழுக்கக் கண்ணாடிக்குப் பதில் கையால் திருப்பும் கிடைமட்டப் பலகைகள். வெயிலுக்குச் சாய்த்துக்கொள்ளலாம், சாரல் அடித்தால் மூடலாம். அறைக்கும் நடைக்கும் நடுவே இடைவெளி விட்ட தேக்குச் சட்டக் கதவுகள். மூடினாலும் காற்று குறுக்கே ஓடும். மேல்தளத்தின் மீது வளைந்த கான்கிரீட் ஓடுகள், இரண்டுக்கும் நடுவில் காற்றுவெளி. அதனால் ஓடு வாங்கும் சூடு நேராகத் தளத்தில் இறங்காது. உள்ளே சுண்ணாம்புப் பூச்சு, மெருகேற்றிய கறுப்புக் கல் தரை. வெளிச்சம் கண்ணில் குத்தாமல் சுவரில் பட்டுப் பரவுகிறது.

அதிலிருந்து எடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. அந்தப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட், அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. இன்று அலுமினியமோ மரமோ போதும்.

சரி, உங்கள் மனைக்கு வருவோம். சென்னை வெயிலில் தெற்குப் பார்த்த 4 அடி உயர ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேட் போட்டால், மார்ச் கடைசி உச்சிவெயிலில் ஜன்னல் முழுக்க நிழல். அதே 2 அடி மேற்கில், மே மாதம் மாலை 5 மணிக்கு, முக்கால் அடி நிழல்தான் தரும். சூரியன் அவ்வளவு தாழ்ந்து வந்து நேராக அடிக்கிறது. மேற்கில் சன்ஷேட்டை நீட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. ஜன்னலைச் சிறிதாக்குங்கள், வெளியே ஜாலியோ (துளைகள் விட்ட தடுப்புச் சுவர்) மரமோ வையுங்கள், மாடிப்படி, ஸ்டோர், பாத்ரூமை அந்தப் பக்கம் தள்ளுங்கள்.

"டஃபன்டு கிளாஸ் போட்டா சூடு வராதுல்ல?" வரும். அது உடைந்தால் கிழிக்காது, அவ்வளவுதான். திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது. தடுப்பு வெளியே இருக்க வேண்டும். அப்புறம் ஏசி டன்னைக் கூட்டி, கரண்ட் பில்லைப் பார்த்துத் தலையில் கைவைப்பதில் அர்த்தமில்லை.

ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் பூசாத கான்கிரீட் கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புக்காற்று கம்பியைத் தொட்டால் துரு ஊதிக் கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோரக் காற்றுக்கு நேராக நிற்கும் கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 என்கிற இந்தியக் கான்கிரீட் தரவிதி கேட்பது எம்30 வலிமைக் கலவை, கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம். கான்கிரீட் போடுவதற்கு முன்பு டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே போய், அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை அளந்து பாருங்கள். மேஸ்திரி கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.