ஆள் நிற்கவில்லை என்று அலுத்துக்கொள்ளுமுன் உங்கள் ஓய்வு நேரத்தை அளந்து பாருங்கள்

உணவுத் தொழிற்சாலைகளில் பாதுகாப்புத் தணிக்கை செய்வது என் வேலை. ஆள் நிற்கிறாரா போகிறாரா என்பது ஹெச்.ஆர். கவலைதானே, உங்களுக்கென்ன என்று கேட்பார்கள். சமீபத்தில் ஒரு பேக்கிங் லைனில் பார்த்ததைச் சொல்கிறேன்.

லைனின் கடைசியில் மெட்டல் டிடெக்டர். குறித்த இடைவெளியில் இரும்பு, இரும்பல்லாத உலோகம், துருப்பிடிக்காத எஃகு என மூன்று சோதனைத் துண்டுகளைப் பொருளோடு சேர்த்து ஓடவிட்டு, மூன்றையும் கருவி பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே நின்ற பையன் துண்டுகளை வெறும் பெல்ட்டில் வைத்து ஓட்டினான்.

"ஒரு துண்டைப் பிடிக்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வாய் தம்பி?"

"இன்னொரு தடவை ஓட்டுவேன் மேடம்."

கடைசியாகச் சரியாக வந்த சோதனைக்குப் பிறகு போன சரக்கு முழுவதையும் நிறுத்தி வைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லித்தரக்கூடியவர் போன மாதமே விலகிவிட்டார். பதிவேட்டில் மட்டும் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறது. இதே கதையை எத்தனை ஆலையில்தான் பார்ப்பது?

மேலாளரிடம் கேட்டால் எங்கும் ஒரே பதில்: "வேறு இடத்தில் கொஞ்சம் கூடக் கொடுத்தால் ஓடிவிடுகிறார்கள் மேடம்." குறைவான சம்பளத்தை நான் நியாயப்படுத்தவில்லை. அது குறைவென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஆனால் காசு மட்டும்தான் காரணம் என்றால், அதே ஆலையில், அதே சம்பளத்தில், ஒரு சூப்பர்வைசரிடம் ஆள் வருடக்கணக்கில் நிற்கிறார்கள், இன்னொருவரிடம் முதல் மாதம்கூடத் தாண்டுவதில்லையே, அது எப்படி? விலகல் படிவத்தில் 'வேறு நல்ல வாய்ப்பு' என்றுதான் எழுதியிருக்கிறது என்பீர்கள். பாக்கிச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் உங்கள் கையில் இருக்கும்போது, 'சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்' என்று எவர் எழுதிக் கொடுப்பார்? அந்தப் படிவத்தை நம்பி முடிவெடுப்பதை முதலில் நிறுத்துங்கள். விலகியவர்களை லைன் வாரியாக, ஷிஃப்ட் வாரியாக, எத்தனையாவது வாரத்தில் போனார்கள் என்று பிரித்துப் பாருங்கள். காரணம் தானாகத் தெரியும்.

பெரும்பாலும் அது சின்ன விஷயமாகத்தான் இருக்கும். 15 நிமிட ஓய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிரறையில் நிற்பவர் கையுறை, மேலங்கி, பூட்ஸ் எல்லாம் கழற்றி, கை கழுவி, உணவறை வரை நடந்து, திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, மறுபடி கை கழுவ வேண்டும். மேசையில் உட்கார்ந்து டீ குடிக்க எவ்வளவு மிஞ்சும்? ஒருநாள் கடிகாரத்தோடு அவர் கூடவே நடந்து பாருங்கள். ஓய்வு நேரம் உணவறைக் கதவில் தொடங்க வேண்டுமே தவிர, லைனை விட்டு நகர்ந்த நொடியில் அல்ல. அடுத்த வார ஷிஃப்டை முந்தின நாள் இரவு சொல்வது, பெண்களுக்குப் பொருந்தாத பெரிய கையுறை, கழிப்பறைக்குப் போக அனுமதிக்குக் காத்திருப்பது என்று இன்னும் எவ்வளவோ இருக்கிறது. எதுவும் பெரிய செலவு வைக்காது.

2020-ல், உலக நாடுகளுக்கான உணவுத் தர நெறிகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு தன் உணவுச் சுகாதாரக் கோட்பாடுகளைத் திருத்தியபோது 'உணவுப் பாதுகாப்புப் பண்பாடு' என்பதையும் உள்ளே கொண்டுவந்தது. அதன் பிறகு நான் போகும் இடமெல்லாம் சுவரில் போஸ்டர் பெருகியிருக்கிறது. நான் போஸ்டரைப் படிப்பதில்லை. ஏதோ சரியில்லை என்று லைனை நிறுத்தியவருக்கு அன்று என்ன நடந்தது என்று கேட்பேன். பாராட்டா, வசையா? வசை என்றால், அடுத்த முறை மோட்டார் சத்தம் மாறினாலும் அவர் வாயைத் திறக்க மாட்டார். கொஞ்ச நாளில் ஆளே இருக்க மாட்டார். மாதம் ஒரு பிறந்தநாள் கேக் வெட்டுவது இதற்கு ஈடாகாது.

சரி, செய்ய வேண்டியவை. புதியவரை முதல் சில வாரங்களுக்கு ஒரே அனுபவசாலியோடு நிறுத்துங்கள், தினம் ஒருவரிடம் தள்ளிவிடாதீர்கள். மெட்டல் டிடெக்டர், சமைக்கும் வெப்பநிலை போன்ற, தவறினால் உணவே ஆபத்தாகிவிடும் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளில், அவரே சரியாகச் செய்து காட்டும்வரை தனியாக விடவே கூடாது. ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்பவருக்கு மணிக்கட்டு போய்விடும், இடம் மாற்றிக் கொடுங்கள். போனவர்களைத் துருவுவதைவிட, நிற்பவர்களிடம் "எதனால் போகலாம் என்று தோன்றுகிறது?" என்று கேளுங்கள். சூப்பர்வைசரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தவர் அது நின்று 48 மணி நேரமாவது உணவைத் தொடக்கூடாது. இவற்றை உண்டாக்கும் நோரோவைரஸ் என்ற கிருமி மிகச் சில துகள்களிலேயே தொற்றும். உங்கள் விதிப்புத்தகத்தில் இது இருக்கும், தெரியும். ஆனால் லீவு போட்டால் அந்த நாள் சம்பளத்தைப் பிடிக்கிறீர்கள், வருகை ஊக்கத்தொகையும் போகிறது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லைனில்தான் வந்து நிற்பார், கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அந்த இரண்டு நாள் சம்பளத்தை மட்டும் பிடிக்காதீர்கள், தயவுசெய்து.